ஜெயவேல் அடைத்த வென்டிலேட்டர்

ஆரணியில் சமையலறைச் சிம்னி மாட்டத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். நிஜமாகவே தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் பிள்ளைகள் படிப்புக்காக வேலூருக்குக் குடிபோய்விட்டார். மிச்சம் இருப்பவர் ஜெயவேல்.

நாற்பத்தேழு வயது, ஒடிசலான ஆள், பேச்சு குறைவு. பிறந்தது தேவிகாபுரத்தில், நிலபுலம் உள்ள வீட்டில். நிலத்தை அண்ணன்கள் பார்த்துக்கொண்டார்கள். இவர் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, சசிகலாவைக் கட்டிக்கொண்டு, அவள் ஊரான ஆரணியிலேயே தங்கிவிட்டார். முதலில் ஃபேன், மிக்சி ரிப்பேர். பிறகு தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின். ஊரில் வீட்டுக்கு வீடு சிம்னி ஏற ஆரம்பித்ததும் சென்னைக்குப் போய் மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் சிம்னி ஜெயவேல்.

சிம்னி மாட்டுவது என்றால் சுவரில் நாலு ஸ்க்ரூ முடுக்குகிற வேலை என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். மெஷின் உள்ளே இருந்தாலும் வேலையெல்லாம் வெளியேதான் என்பது ஜெயவேலின் கட்சி. சுவரில் ஆறு அங்குலத்துக்கு வட்டமாகத் துளை போட வேண்டும். போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒயர் ஓடுகிறதா, தண்ணீர்க் குழாய் போகிறதா என்று பார்க்க வேண்டும். துளை வெளிப்பக்கமாக ஒரு விரல்கடை சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் பைப்பு வழியாக வந்து அடுப்பில் சொட்டும். பாதித் துளையை உள்ளிருந்தும் மீதியை வெளியிலிருந்தும் போட்டால் பூச்சு பெயராது. அறுபட்ட சுவர்த் துண்டு சந்தில் போகிறவர்கள் தலையில் விழாமல் இருக்கக் கீழே ஒரு ஆளை நிறுத்த வேண்டும். பைப்பு குட்டையாக, சுருக்கம் இல்லாமல், இரண்டு வளைவுக்கு மேல் இல்லாமல் இருக்க வேண்டும். வெளியே மூடி போட வேண்டும். அந்த மூடி அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது. இத்தனையும் செய்துவிட்டு அவர் கிளம்பும்போது, "இதுக்கா நாலு மணி நேரம்?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஜெயவேல் கூலியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பார்.

தறி இருக்கிற தெருக்களில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. புதுப் பாவு பிணைக்கிற நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. பாவு என்று தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கிற அத்தனை பட்டு இழையிலும் எண்ணெய்ப் புகை படிந்தால், அது புடவையாகிக் கடைக்குப் போன பிறகுதான் மங்கலாகத் தெரியும். அப்போது யாரைப் போய்க் கேட்பது? அதனால், நாளைக்குப் பாவு பிணைக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வீட்டில் அன்றைக்கு இட்லிதான்.

ஜெயவேலின் பக்கத்து வீடு பாலு வீடு. பாலு பட்டு நெய்கிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றடிச் சந்து. பாலுவின் தறி சந்துப் பக்கத்து ஜன்னலை ஒட்டி இருந்தது. அதற்கு நேர் எதிரில் ஜெயவேல் வீட்டுச் சமையலறைச் சுவரின் உச்சியில் ஒரு அடிக்கு ஒரு அடி வென்டிலேட்டர். சசிகலா மீன் வறுத்தால் அந்தப் புகை நேராகப் போய் உட்காருகிற இடம் பாலுவின் பாவு. பாலு நல்ல மனுஷன், சண்டைக்கு வரவில்லை. ஊர் பூராவும் சிம்னி மாட்டுகிறாயே, உன் வீட்டுக்கு ஒன்று மாட்டக் கூடாதா என்று மட்டும் ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டார்.

போன வருஷம் தை மாதம் மாட்டினார். பைப்பை மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோய்விட்டார். பிறகு, பாலுவுக்கு இனிமேல் ஒரு துளிப் புகையும் வரக் கூடாது என்று, அந்த வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, சுவரோடு சுவராகப் பெயின்ட்டும் அடித்தார். அதைவிடச் சுத்தமான வேலையை அவர் யார் வீட்டிலும் செய்ததில்லை. பாலுவுக்கு வந்த சந்தோஷத்தில் மாலையே ஸ்வீட் பாக்ஸ் வந்தது.

அந்தச் சமையலறையில் வேறு ஜன்னல் கிடையாது. பின்கதவு ஒன்று உண்டு. பூனை வருகிறது என்று சசிகலா அதைச் சாத்தியே வைத்திருப்பாள். சமைக்கும்போது வாசனை போகாமல் கூடத்துக் கதவையும் சாத்திக்கொள்வாள். பாத்திரம் கழுவுகிற மூலையில் கேஸ் கீசர் மாட்டியிருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறை. கீசரின் தலையிலிருந்து கையளவு குழாய் ஒன்று வெளியே போகும். எரிந்த புகை அதன் வழியாகப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

மாசியிலிருந்து சசிகலாவுக்குத் தலைவலி. காலையில் சமையல் முடியும்போது ஆரம்பித்து, வாசலில் வந்து உட்கார்ந்தால் குறையும். ஜெயவேல் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். கண்ணை டெஸ்ட் பண்ணச் சொன்னார்; கண்ணாடி வந்தது, தலைவலி போகவில்லை. சித்திரையில் சேத்துப்பட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவள், அங்கே ஒரு நாள்கூடத் தலை வலிக்கவில்லை என்றாள். "உக்காந்த எடத்துல சோறு வந்தா தலை எப்படி வலிக்கும்?" என்று அவர் கிண்டல் செய்தார். அவளும் சிரித்தாள்.

ஆவணி முகூர்த்த நாள் ஒன்றில் மகள் சுகன்யா தன்னோடு கல்லூரியில் படித்த பெண்ணின் கல்யாணத்துக்குக் கிளம்பினாள். அவளுக்கு இருபது வயது, இடுப்புக்குக் கீழே தொங்குகிற தலைமுடி. சீயக்காய் போட்டு அலசினால் அரைமணி நேரம் ஆகும். ஜெயவேல் விடியற்காலையே தேசூரில் ஒரு வேலைக்குப் போயிருந்தார். சுகன்யா குளித்துக்கொண்டிருந்தாள், கீசர் எரிந்துகொண்டிருந்தது, சசிகலா கதவு இரண்டையும் சாத்திக்கொண்டு சிம்னியை முழு வேகத்தில் வைத்துப் பூரி சுட்டுக்கொண்டிருந்தாள். சுகன்யா தலையில் துண்டோடு வெளியே வந்தபோது அம்மா அடுப்படியில் விழுந்து கிடந்தாள், வாணலியில் எண்ணெய் கருகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. ஹார்ட் அட்டாக்காக இருக்கும் என்றார்கள். நாற்பத்திரண்டு வயதுக்கு அதெல்லாம் இப்போது சகஜம் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு உதாரணம் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் எதையும் துருவவில்லை.

பால் தெளித்துவிட்டு வந்த மூன்றாம் நாள் மதியம். துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பாடு முடிந்து கூடத்தில் படுத்துக் கிடந்தார்கள். இரண்டு பெண்கள் சமையலறையில் சிம்னியை ஓடவிட்டு, கீசரில் வெந்நீர் பிடித்து எண்ணெய்ப் பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டு, சிம்னியையும் வெந்நீர்க் குழாயையும் நிறுத்தாமல், கூடத்துக் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போன ஜெயவேலுக்கு அங்கே நின்ற சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தது. நிமிர்ந்து கீசரைப் பார்த்தார், சிம்னியைப் பார்த்தார், தான் அடைத்த சுவரைப் பார்த்தார். கூடத்துக்குப் போய் சசிகலா போட்டோவுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியில் ஒன்றை எடுத்து வந்து, கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு, கீசர்க் குழாயின் அடியில் பிடித்தார். மேலே ஏறி வெளியே போக வேண்டிய புகை வளைந்து அவர் முகத்தில் அடித்தது. பின்கதவைத் திறந்தார், புகை மேலே போனது. சாத்தினார், முகத்துக்கு வந்தது. நாலு தடவை அப்படிச் செய்து பார்த்தார். மெக்கானிக் புத்தி.

விஷயம் சின்னது. சிம்னி அறையில் இருக்கிற காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்குப் புதுக்காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வருகிற வழியையெல்லாம் அடைத்துவிட்டால் அது கீசரின் புகைக்குழாய் வழியாக இழுத்துக்கொள்ளும். வெளியே போக வேண்டிய விஷம் திரும்பி வீட்டுக்குள் வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. சென்னைப் பயிற்சியில் இதை இரண்டாம் நாள் சொல்லிக் கொடுத்தார்கள். ஜெயவேல் நோட்டில் எழுதிக்கொண்டும் இருந்தார்.

அன்றைக்குத் தெரிந்த உண்மை மரத்துப்போகிற ஊசி மாதிரி உள்ளே இறங்கியது. அவர் அழவில்லை. காரியத்தில் தலை மழிக்கும்போதும் அழவில்லை. கல்லு மாதிரி இருக்கிறானே என்று மச்சினி முறை உள்ளவர்கள் முணுமுணுத்தது காதில் விழுந்தது, உறைக்கவில்லை. காரியம் முடிந்து எல்லாரும் போன பின் கீசரைக் கழற்றினார், வென்டிலேட்டரை உளி வைத்து உடைத்துத் திறந்தார். கீசரில் கேஸ் லீக் ஆகிறது என்று சுகன்யாவிடம் சொன்னார். அவள் சரிப்பா என்றாள். வென்டிலேட்டரை ஏன் உடைத்தாய் என்று அவள் கேட்கவில்லை. பாலுவும் கேட்கவில்லை, துக்க வீட்டில் அதை எப்படிக் கேட்பது?

அவர் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இரண்டு. சொன்னால் சுகன்யா அடுத்ததாக யோசிக்கப் போவது, அந்தக் கீசர் யாருக்காக எரிந்துகொண்டிருந்தது என்பதைத்தான். தாயை இழந்த பெண்ணின் தலையில் அதையும் வைப்பதா? இது ஒரு காரணம். ஆரணியிலேயே சிம்னி மாட்டத் தெரிந்த ஒரே ஆள் சொந்த வீட்டில் செய்த வேலை இது என்று வெளியே தெரிந்தால்? இது இரண்டாவது. முதல் காரணம் உண்மை. இரண்டாவது அதைவிட உண்மை.

பதினோரு மாதம் அப்படியே ஓடியது. வேலைக்குப் போனார், வந்தார், வைத்ததைச் சாப்பிட்டார். ஒரு வீட்டில் துளை போடும்போது மெஷின் முட்டியைக் கிழித்தது. வெள்ளைச் சுவரில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அது தன்னுடையது என்று தெரிந்தது. வீட்டில் சுகன்யாவும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு புடவைக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் பார்க்கிற வேலைக்குப் போனாள். அடுப்பில் குண்டானில் தண்ணீர் காய வைத்து எடுத்துக்கொண்டு போனால், நாலு சொம்பு ஊற்றுகிற சத்தம் கேட்கும், கதவு திறந்துவிடும். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். ஜெயவேல் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்ததோடு சரி.

கேஸ் கீசர் இருக்கிற வீடு என்று தெரிந்தால் மட்டும் முதுகுவலி என்று சொல்லி வேலையை விட்டுவிடுவார். அப்படி ஆறு வீடு. அந்த ஆறையும் வேலு என்கிறவன் மாட்டினான். வேலுவுக்கு ஒரு மணி நேரம் போதும். இருக்கிற வென்டிலேட்டர் வழியாகப் பைப்பை நுழைத்து, சுற்றி இருக்கிற இடைவெளியைப் பலகையால் அடைத்துவிட்டுப் போய்விடுவான். அந்த வீடுகள் இருக்கிற தெருக்கள் பக்கம் ஜெயவேல் வண்டியை விடுவதில்லை. எச்சரித்திருக்க வேண்டாமா என்று கேட்டால், வேண்டும்தான். எச்சரிக்கப் போனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று இவர் ஓடி ஒளிந்தார். இதற்குப் பெயர் துக்கமில்லை, கோழைத்தனம். அது அவருக்கும் தெரியும்.

ஆனி மாதம் அருணகிரி வீட்டு வேலை வந்தது.

கம்பெனி ஆப் வழியாக வந்ததால் கீசர் இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்க முடியவில்லை. அருணகிரி பட்டு நெய்கிறவர், கூடத்தில் இரண்டு தறி. மகள் ஏழு மாதக் கர்ப்பம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது. சென்னையில் இருக்கிற மாப்பிள்ளை கிரண், இருப்பதிலேயே அதிகமாக இழுக்கிற சிம்னியை ஆன்லைனில் வாங்கி அனுப்பிவிட்டார். ஜெயவேல் மெஷினைச் சுவரில் மாட்டி முடித்தார். பிறகு பைப்பு போகிற வழியைப் பார்க்கக் கழுவுகிற மூலைப் பக்கம் போனவர், கதவுக்குப் பின்னால் கீசரைப் பார்த்தார்.

வீட்டையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். ஆனிக் காற்று அடித்தால் பட்டு இழை காய்ந்து பொட்டுப்பொட்டென்று அறும். அதனால் அருணகிரி கூடத்து ஜன்னல்களையெல்லாம் அட்டை வைத்து அடைத்திருந்தார். சமையலறைக்குக் காற்று வர மிச்சமிருந்தது ஒரே ஒரு வென்டிலேட்டர். அதன் வழியாகப் பைப்பை விட்டுவிட்டு மீதியைச் சிமெண்டு வைத்து அடைத்துவிடு, சுவரை உடைக்கிற வேலையும் மிச்சம் என்றார் அருணகிரி.

ஜெயவேல் பொறுமையாகச் சொன்னார். பைப்புக்குத் தனித் துளை. வென்டிலேட்டர் திறந்தபடியே இருக்க வேண்டும். பின்கதவின் அடியில் காற்று வர இன்னொரு வழி. கீசரைச் சமையலறையை விட்டே எடுத்து வெளிச்சுவரில் மாட்ட வேண்டும். அருணகிரி சிரித்தார். கல்யாண முகூர்த்தப் புடவை தறியில் ஏறியிருக்கிறது, இருக்கிற ஓட்டையை அடைக்கச் சொன்னால் மூன்று ஓட்டை போடுகிறேன் என்கிறாயே என்றார். ஜெயவேல், அருணகிரியின் மனைவி கிருஷ்ணம்மாளிடம் ஒரு ஊதுவத்தி கேட்டு வாங்கினார். பைப்பைத் தற்காலிகமாக வென்டிலேட்டர் வழியே விட்டு, சுற்றிலும் துணியைத் திணித்து, கதவுகளைச் சாத்தி, சிம்னியை ஓடவிட்டு, கீசர்க் குழாயின் அடியில் ஊதுவத்தியைப் பிடித்தார். புகை வளைந்து முகத்துக்கு வந்தது.

"கொஞ்சம் பொக உள்ள வருது, அதனால இன்னாபா?" என்றார் அருணகிரி. "அதைத்தான் சிம்னி இழுத்துடுதே."

அதற்கு ஜெயவேலிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. முதுகு வலிக்கிறது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இதைச் சொல்ல மட்டும் எப்போதும்போல் வாய் தயாராக இருந்தது. அருணகிரிக்குக் கோபம் வந்தது. பாதி வேலையில் விட்டுவிட்டுப் போவது பெரிய பேஜார் என்றார், வேலுவுக்கு அங்கேயே போன் போட்டார். வேலு மதியம் வருவதாகச் சொன்னான். ஜெயவேல் துணியை உருவிப்போட்டார். துளை போடுகிற தன் மெஷினைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்.

வாசலுக்கு அந்த மகள் வந்தாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, நீங்கள் சுகன்யா அப்பாதானே என்று கேட்டாள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. தேவிப்ரியா. அந்த ஆவணி முகூர்த்தம் இவளுடையது. இவள் கல்யாணத்துக்குப் போகத்தான் சுகன்யா அன்றைக்குத் தலைக்குக் குளித்தாள்.

"சுகன்யா என் போனை எடுக்கறதே இல்ல அங்கிள். என் மேல கோவமா?" என்றாள் தேவிப்ரியா.

அதெல்லாம் இல்லம்மா என்று இவர் சொன்னார். உள்ளேயிருந்து கிருஷ்ணம்மாள், வெந்நீர் ஓடுகிறது, ஜல்தியாக வந்து குளி என்று மகளைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் திரும்பி நடந்தாள். மதியம் வேலு வருவான். மாலையில் இதே குரல் இதே மாதிரி கூப்பிடும், அப்போது சிம்னியும் ஓடிக்கொண்டிருக்கும். ஜெயவேல் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அருணகிரி தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்திருந்தார். இன்னா, முதுகு சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

"என் சம்சாரம் ஹார்ட் அட்டாக்ல போவலங்கணா," என்றார் ஜெயவேல். "எங்க வீட்லயும் இதே மாதிரி கீசரு, இதே மாதிரி சிம்னி. பக்கத்து வீட்டுப் பாவுல பொக படுதுன்னு வென்டிலேட்டரை நான்தான் அடைச்சேன். பொக திரும்பி உள்ள வந்து அவ செத்துட்டா. இது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

தறி நின்றது. மீதியையும் சொன்னார், தலைவலி, மாத்திரை, போட்டோவுக்கு முன்னாலிருந்து எடுத்த ஊதுவத்தி, முதுகுவலி என்று சொல்லித் தட்டிக்கழித்த ஆறு வீடு எல்லாவற்றையும், மெஷினின் உத்தரவாதக் காலத்தை விளக்குகிற அதே குரலில் சொன்னார். கிருஷ்ணம்மாள் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தேவிப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருணகிரி குழியிலிருந்து ஏறி வந்தார். நேராகச் சமையலறைக்குப் போய் கீசரை நிறுத்தினார். பின்கதவை விரியத் திறந்தார். வந்த காற்றில் பாவு முழுக்கச் சிலிர்த்தது, அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலுவை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், நாளைக் காலை வந்து எத்தனை ஓட்டை வேண்டுமோ போடு என்றார். மற்ற ஆறு வீட்டு விலாசமும் இருக்கிறதா என்று கேட்டார். ஜெயவேலுக்கு ஆறும் மனப்பாடம்.

வாசலுக்கு வந்தபோது தேவிப்ரியா கையில் போன் இருந்தது. அழுதுகொண்டே யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. இந்த ஊரில் ஒரு சேதி வீடு போய்ச் சேர வண்டியே வேண்டாம், இதில் போன் வேறு. வேறு யார் வாயிலிருந்தும் சுகன்யா இதைக் கேட்கக் கூடாது. ஜெயவேல் வண்டியை முறுக்கினார். பதினோரு மாதத்தில் அவர் அவசரப்பட்டது அன்றைக்குத்தான்.

சுகன்யா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது, அவள் எடுக்கவில்லை. "தேவிப்ரியா போன் பண்ணிகினே கீறாப்பா. இன்னாவாம்?" என்றாள்.

அதை எடுக்காதே, நான் சொல்கிறேன் என்றார். எதிரில் உட்கார்ந்தார். அருணகிரி வீட்டில் சொன்னதை அதே வரிசையில் சொன்னார். இங்கே குரல் அப்படி வரவில்லை. நடுவில் இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. கீசர் யாருக்காக எரிந்தது என்பதை மட்டும் தாண்டிப் போகப் பார்த்தார்.

அவள் தாண்டவில்லை. பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா கூப்ட்டாங்கப்பா. போதும்டி, வெளிய வான்னாங்க. சீயக்கா இன்னும் போவலம்மான்னு சொன்னேன். அப்புறம் இன்னாவோ விழுந்த சத்தம் கேட்டுச்சி. டப்பா விழுந்துச்சின்னு நெனச்சிகினேன். தண்ணிய நிறுத்தாம ஊத்திகினே இருந்தேன்."

ஜெயவேலுக்கு அந்த நாலு சொம்புக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்டிய முடியும் புரிந்தது. வீட்டில் ஒரு ஆள்தான் மூட்டை சுமக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மகளும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அதே கூடத்தில்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"நான் அப்பவே வெளிய வந்திருந்தா?" என்று கேட்டாள்.

இல்லைம்மா, அப்போதே எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கும் ஆறுதலாக இருக்கும், இவருக்கும் சுளுவு. அதை விழுங்கிவிட்டு மேலே கையைக் காட்டினார். உடைத்து எடுத்து, பூசாமலே விட்டிருந்த வென்டிலேட்டர் வழியாகச் சந்தின் வெளிச்சம் அடுப்பில் விழுந்துகொண்டிருந்தது.

"அது தெறந்திருந்தா நீ ஒரு மணி நேரம் குளிச்சிருக்கலாம் சுகன்யா. யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது. அதை அடைச்சது நானு. நீ இல்ல."

சுகன்யா வென்டிலேட்டரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "தலைவலி, தலைவலின்னு ஆறு மாசமா சொன்னாங்களே," என்றாள். அவர் தலையை ஆட்டினார். "மாத்திர வாங்கிக் குடுத்த." அதற்கும் தலையை ஆட்டினார். கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் கடைக்குப் போகவில்லை, அவரோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மகள் மிச்சம் வைத்த தட்டுக்கு எதிரில் ஜெயவேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலித்தது. நெஞ்சில், தொண்டையில், என்றோ கிழிந்து ஆறிப்போன முட்டியில்கூட வலித்தது. அழுகை கடைசியாக வந்தபோது அது சசிகலாவுக்காகவா சுகன்யாவுக்காகவா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் துளை போடுகிற மெஷின் வாசலில் வண்டியில் கட்டியபடி நின்றது. அருணகிரி வீட்டுக்கு எட்டு மணிக்குப் போக வேண்டும். சுகன்யா எழுந்து வந்தாள், கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவரைப் பார்க்காமல் குண்டானில் தண்ணீர் காய வைத்து, துணியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். ஜெயவேல் சமையலறையில் வென்டிலேட்டருக்குக் கீழே நின்றிருந்தார். ஒரு சொம்பு. இரண்டு. மூன்று. நாலு. கதவு திறக்கிற சத்தத்துக்குக் காத்திருந்தார். ஐந்தாவது சொம்பு விழுந்தது. ஆறாவதும் விழுந்தது. பிறகு அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். சந்துக்கு எதிரே பாலு வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தது.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, இன்னொரு குண்டான் வெந்நி வெச்சிக் குடு."

ஜெயவேல் இருப்பதிலேயே பெரிய குண்டானை எடுத்தார். விளிம்புவரை தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்துப் பற்றவைத்தார்.